நான் கை தூக்கிய தாய்மார் கூட்டம்

கூச்சப்படாமல் கை தூக்குங்கள் என்று யாராவது ஒலிபெருக்கியில் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிடும். பாதிக் கூட்டத்தில் எழுந்து வெளியே போய்விடுவேன். கூட வந்தவர்கள் பின்னாலேயே வந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்பார்கள். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கூட்டத்தில் கை தூக்கினேன். அதற்கு நான் கொடுத்தது போதும்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மலையில் இருந்து இறங்கும் மூட்டைகளை அந்தக் குடோன் தரையில் கொட்டி வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு முறத்தில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்து, காம்பைக் கிள்ளி, பச்சை மாறாத காயை ஒரு பக்கமும் வெளுத்ததை ஒரு பக்கமும் வெடித்ததை ஒரு பக்கமும் ஒதுக்க வேண்டும். நாற்பது பெண்கள் இருந்தோம். பாதிப் பேர் போடிக்காரிகள், மற்றவர்கள் சிலமலையில் இருந்தும் பக்கத்துப் பட்டிகளில் இருந்தும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு லோடு அடிக்கும் லாரி டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். எங்களுக்கு ஒரே மகள்.

மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எட்டாவதுக்குச் சர்க்கார் பரீட்சை உண்டு. அதில் தேறினால் டீச்சர் டிரெயினிங்கில் சேரலாம். அவளுக்கு அந்த ஒரே நினைப்புதான். நாலாவதோடு நின்றுபோன நான் என் வீட்டுக்காரருக்கு எழுதிய கடுதாசியையே வாங்கி, சிவப்புப் பென்சிலால் பிழை திருத்தி, பத்துக்கு மூன்று மார்க் போட்டுக் கொடுத்தவள். எனக்கு வந்த கோபத்தில் கடுதாசியைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் அடுப்படியில் போய் நின்று சிரித்தேன்.

அந்தத் தை மாதம் அவள் வயசுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டு என் கையை விடவே இல்லை.

"யார்ட்டயும் சொல்லிறாதம்மா. பரீட்சை முடியட்டும். மாமாவுக்கு மட்டும் தெரியவே கூடாது."

மாமா என்றது என் அண்ணனை. சிலமலையில் விவசாயம். எங்கள் பக்கத்தில் பெண் வயசுக்கு வந்தால் முதல் காரியம் தாய்மாமனுக்குச் சொல்லி விடுவது. அவர் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குச்சு கட்டுவார். பிள்ளை பதினாறு நாள் அதற்குள் இருக்க வேண்டும். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே அழைத்து, குச்சைப் பிரித்து எரித்துவிட்டு, மாமன் சீரோடு சடங்கு நடக்கும். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் ஏது, பரீட்சை ஏது. அண்ணனுக்கு ஒரு மகன் இருந்தான். முறை மாப்பிள்ளை. படிப்பு ஏறாமல் மாடு பத்திக்கொண்டு திரிந்தான். அவனுக்கு என் மகள்தான் என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே அண்ணன் சொல்லிவைத்திருந்தார்.

அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவள் துணியை என் துணியோடு சேர்த்துத் துவைத்தேன். இரண்டு மாதம் ஒரு காக்காய்க்குத் தெரியாமல் ஓட்டினோம். பங்குனி பிறந்துவிட்டது, பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அதற்குள் வந்து தொலைத்தது அந்தக் கூட்டம்.

தாய்மார் கூட்டம் என்று பெயர். வளரும் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று எங்களுக்குச் சொல்லித் தருவதற்காக மாதம் ஒருமுறை எங்கள் கிட்டங்கியிலேயே நடக்கும். முதலாளியின் மனைவிதான் மாதர் சங்கத்துத் தலைவி. அதனால் முதலாளி இடம் கொடுத்தார். ஆனால் பொறுக்கும் வேலை நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். காது கேட்கட்டும், கை பொறுக்கட்டும் என்பது உத்தரவு. பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கேட்கிற ஒரு மணி நேரத்துக்குக்கூட எங்கள் கை எங்களுக்குச் சொந்தமில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளைகள் கொடைக்கானலில் ஹாஸ்டலில் வளர்ந்தன. அவற்றை யார் வளர்த்தார்களோ, அந்த முதலாளியம்மாவுக்கே வெளிச்சம்.

பேச வருகிற அம்மா பெரியகுளத்தில் இருந்து வருவார். பட்டப்படிப்பு படித்தவர், மூக்குக்கண்ணாடி, வெளுத்த நூல் சேலை. குரல் மட்டும் இனிப்பாக இருக்கும். பெரிய பெரிய படங்களைச் சுவரில் தொங்கவிட்டுக் கம்பால் தொட்டுக் காட்டுவார். ஒரு மாதம் பிள்ளைக்குத் தினமும் முட்டை, பால். ஒரு மாதம் பிள்ளையை அடிக்காதே. ஒரு மாதம், பத்து வயசு தாண்டினால் பிள்ளைக்குத் தனிப் படுக்கை. அன்றைக்கு எங்களில் ஒருத்தி, ஒற்றை அறையில் ஏழு பேர் படுக்கிறோம், தனிப் படுக்கையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடவா என்று கேட்டுவிட்டாள். சிரித்த சிரிப்பில் முறத்தில் இருந்த காய் எல்லாம் சிதறியது. அந்தம்மாவும் சிரித்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

பங்குனி மாதக் கூட்டத்தில் வளரும் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். மகள் தன் மனதில் உள்ளதை முதலில் தாயிடம்தான் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லும்படி தாய் நடந்துகொள்ள வேண்டும் என்றார். பிறகு எங்களில் இரண்டு பேரை எழுப்பி, ஒருத்தியைத் தாயாகவும் ஒருத்தியை மகளாகவும் நடிக்கச் சொன்னார். மகள் வந்து வெட்கத்தோடு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தாய் என்ன செய்வாள் என்று நாங்கள் பார்க்க வேண்டும். தாயாக நடித்தவள் சிலமலைக்காரி. விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்து, ஐயோ சீருக்கு எங்க போவேன், எந்தம்பிக்கு ஆள் அனுப்புங்க என்று கத்தினாள். கிட்டங்கியே அதிர்ந்தது.

அந்தம்மா கையமர்த்தினார். இது தப்பு என்றார். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்துவது மகளின் சிறகை வெட்டுவது மாதிரி என்றார். வயசுக்கு வந்த பிறகும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற தாய் இந்தக் கூட்டத்தில் ஒருத்தியாவது இருந்தால் கூச்சப்படாமல் கை தூக்கட்டும் என்றார். இங்கே பேசுவது இந்தச் சுவரைத் தாண்டாது என்று வேறு சொன்னார்.

நான் கை தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுக் கேட்டு வைதிருக்கிறேன். வேறொன்றும் இல்லை, ஆசை. இரண்டு மாதமாகத் திருடி மாதிரி ஒளிந்து ஒளிந்து செய்ததை ஒரு படித்த பொம்பளை நல்ல காரியம் என்கிறாள். அதைச் செய்தது நான்தான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் சிலமலைக்காரிகள் உட்கார்ந்திருப்பது தெரியும். தெரிந்தும் தூக்கினேன். அந்தம்மா ஓடிவந்து என் தோளைத் தொட்டு, இவர்தான் முன்மாதிரித் தாய் என்றார். கைதட்டச் சொன்னார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்பது பேரும் தட்டினார்கள். எனக்காக ஒருத்தர்கூட அதுவரை கைதட்டியது கிடையாது. கல்யாணத்தில்கூட நாயனக்காரருக்குத்தான் தட்டினார்கள். மூஞ்சி முழுக்கச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தேன், மடச்சி.

சாயங்காலப் பஸ் சிலமலைக்குப் போனது. மறுநாள் விடிந்து அடுப்புப் பற்றவைக்கவில்லை, வாசலில் வண்டி வந்து நின்றது. வண்டி நிறையப் பச்சைத் தென்னோலை. அண்ணன் இறங்கினார். கூடவே மதினி, ஒரு டிரங்குப் பெட்டியோடு.

"தங்கச்சி மகளுக்குக் குச்சுக் கட்டாத மாமன்னு ஊரு என்னையப் பார்த்துச் சிரிக்கணுமா? சமைஞ்ச பிள்ளைய ரெண்டு மாசமா வீதியில விட்டுருக்க. உனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருக்கானா, செத்துட்டானா?"

பரீட்சை முடியட்டும் அண்ணே, பதினைந்தே நாள், அப்புறம் நீ சொல்லுகிறபடி செய்கிறேன் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிற ரகம் இல்லை. அன்றைக்குக் கெஞ்சினேன். அவர் காதில் வாங்கவே இல்லை. ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம், இனி ஒரு நாள் தாமதித்தாலும் அவருக்கு அவமானமாம். இன்றைக்குத்தான் ஆனாள் என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டே கம்பு ஊன்ற ஆரம்பித்துவிட்டார். மகள் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மதினி பையைக் கழற்றிப் பரண் மேல் போட்டாள்.

நாள் எண்ணிப் பார்த்தேன். பரீட்சை தொடங்குவது பன்னிரண்டாம் நாள்.

பக்கத்து வீட்டுக்காரிகள் கூடிவிட்டார்கள். என் மகளிடம் குடம் கொடுத்துத் தண்ணீர் எடுத்துவரச் சொன்ன ஒருத்தி, தீட்டுத் தண்ணியக் குடிக்க வச்சிட்டியே என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசினாள். இரண்டு மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்தவளுக்குப் பேதிகூடப் போகவில்லை. நேற்று கிட்டங்கியில் எனக்குக் கைதட்டியவள்தான் அவளும். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்து மலையில் இருந்து இறங்கிவந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, எங்கிட்டக்கூடச் சொல்லலையே என்றார். பிறகு, சரி விடு என்றார். சரி விடு என்பது அந்த மனுஷனுக்கு மந்திரம் மாதிரி. அதைச் சொல்லிவிட்டு மறுபடி மலையேறிவிட்டார்.

நான் பெரியகுளத்துக்குப் பஸ் ஏறினேன். அந்தம்மா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு வந்து, கிட்டங்கியில் சொன்னதை என் அண்ணன் முன்னால் ஒரு தடவை சொல்ல வேண்டும். படித்தவர், சங்கத்துக்காரர், அவர் சொன்னால் அண்ணன் கொஞ்சமாவது தயங்குவார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மோர் கொடுத்தார்.

"உங்க குடும்ப வழக்கத்துல நாங்க தலையிட முடியாதும்மா. நான் அன்னைக்குப் பொதுவாத்தான் பேசினேன்" என்றார்.

பொதுவாகப் பேசினாராம். பேச்சு பொது, தூக்கிய கை யாருடையது? சுவரைத் தாண்டாது என்று சொன்னீர்களே, நாற்பது வாய்க்கும் நீங்களா பூட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்றார். அடுத்த கூட்டம் சித்திரையில். பரீட்சை பங்குனியில். மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

மதினி எங்கள் வீட்டோடு தங்கிக் காவல் இருந்தாள். குச்சுக்குள் இருக்கிற பிள்ளை புத்தகம் தொடக் கூடாதாம், சரஸ்வதிக்கு ஆகாதாம். அதனால் சாயங்காலம் கிட்டங்கி விட்டு வந்ததும் நான் பரண் மேல் இருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, குச்சுக்கு வெளியே முதுகைக் கொடுத்து உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். நான் படிப்பதற்கு ஆகாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சரித்திரத்தில் வருகிற ராஜாக்கள் எல்லாம் என் வாயில் விழுந்து செத்தார்கள். அப்படி நான் உளறினால் சிரிப்பாள், திருத்துவாள் என்று நினைத்தேன். ஓலைக்கு அந்தப் பக்கம் இருந்து "ம்" என்று மட்டும் வரும். பக்கத்தைத் திருப்பு என்று அதற்கு அர்த்தம். பதினோரு நாளும் அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு எழுத்துதான்.

பன்னிரண்டாம் நாள் விடிந்தது. அதற்கு முந்தின நாள் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். குச்சில் இருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினால், தீட்டோடு வீதியில் நடக்கவிட்டேன் என்று ஊரே வழிமறிக்கும். வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். விறகு ஈரம், பிடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பதினோரு நாள் வெயிலில் குச்சு ஓலை மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது.

மகளை வெளியே வரச் சொன்னேன். ஒரு ஓலையை உருவினேன். பிறகு இன்னொன்று. பிறகு எனக்கு வந்த வேகத்தில் கம்பு, கயிறு எல்லாவற்றையும் பிய்த்து இழுத்துவிட்டேன். அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் திணித்தேன். திகுதிகுவென்று எரிந்தது. மதினி எழுந்து ஓடிவந்து, அடி பாவி, பாவி என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள்.

"என்ன பாவி? குச்சை எரிச்சாச்சு, தலைக்குத் தண்ணி ஊத்தப் போறேன். தீட்டு முடிஞ்சது. போய் உம் புருசங்கிட்டச் சொல்லு."

குச்சை எரித்துத் தலைக்கு ஊற்றினால் தீட்டுக் கழிந்தது என்பது அவர்கள் வழக்கம்தான். நாலு நாள் முன்னால் கழிந்துவிட்டது, அவ்வளவுதான். எரித்த குச்சை மறுபடி கட்டினால் பெண்ணுக்கு ஆகாது என்பதும் அவர்கள் வழக்கம்தான். மதினி பஸ்ஸுக்கு ஓடினாள். நான் மகள் தலையில் வெந்நீரை ஊற்றி, ஈரத்தலையில் துண்டைக் கட்டி, பள்ளிக்கூடப் பாவாடை சட்டையைப் போட்டுவிட்டேன். வீதியில் எல்லோரும் பார்க்க அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். யாராவது ஒரு வார்த்தை பேசட்டும் என்று கையை முறுக்கிக்கொண்டுதான் நடந்தேன். ஒருத்தியும் வழிமறிக்கவில்லை.

அண்ணன் வந்து சேர்ந்தபோது முதல் பரீட்சை முடிந்துவிட்டது. சாம்பலைப் பார்த்தார். உன் வாசல்படியை இனி மிதிக்கமாட்டேன் என்றார். மிதிக்கவும் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு மாமன் மாலை போடுவதற்கு ஆள் இல்லாமல், தூரத்து உறவில் ஒருவரைப் பிடித்துவந்து நிறுத்தினோம். அது எனக்கு வலித்தது. ஆனாலும் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, கேட்கவும் மாட்டேன்.

சித்திரைக் கூட்டத்தில் அந்தம்மா என் கதையைச் சொன்னாராம். இந்தக் கூட்டங்களால் விளைந்த நன்மை என்று சொன்னாராம். நான் போகவில்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்கு வெளியே போய் வெயிலில் உட்கார்ந்து பொறுக்கினேன். உள்ளே கைதட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்துபோய் அந்தப் படங்களை எல்லாம் கிழித்துப் போடலாமா என்று இருந்தது.

மகள் தேறினாள். டிரெயினிங் முடித்தாள். டீச்சர் ஆகி, மலைச்சரிவில் எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குப் போனாள். அதற்காக நான் எத்தனை பேரோடு வேண்டுமானாலும் சண்டை போட்டிருப்பேன், போட்டேன். அண்ணன் மேல் கோபம், அந்தம்மா மேல் கோபம், சிலமலைக்காரி மேல் கோபம், சரி விடு மேல் கோபம். இத்தனை பேரையும் வைது முடித்து நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது. என் மேல் கோபப்பட வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நான் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் லீவுக்கு வந்திருந்தாள். சேலைக் கட்டைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. எத்தனை மாசம் என்றேன். ஆறு என்றாள். ஆறு மாதம். மாமியார் வீட்டுக்குத் தெரியும், கூட வேலை பார்க்கிற டீச்சருக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவளுக்குக்கூடத் தெரியும். எனக்கு வழக்கம்போல ஆத்திரம் பொங்கியது. பெத்தவள்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா என்று கத்தினேன்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"ஒருதரம் சொன்னேன்லம்மா" என்றாள்.